அம்பயர்ஸ் கால்: ஒரே பந்து, இரண்டு தீர்ப்பு

வெளிநாட்டுப் பயணம் போன அணி ஒரு டெஸ்டில் தோற்றுவிட்டால் ரசிகர்களின் பேச்சு மூன்று திசையில் போகும். ஆடிய லட்சணம் ஒன்று. பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்த லட்சணம் இன்னொன்று. கடைசியில் அம்பயர். முதல் இரண்டில் யாரும் யாரையும் மடக்கிவிட முடியாது. இரண்டாவது ஸ்பின்னரை எடுத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்று விடிய விடியப் பேசலாம். அம்பயர் விஷயத்தில் எழுதிவைத்த விதி இருக்கிறது, அளவு சென்டிமீட்டரில் இருக்கிறது. சத்தம் அதிகமாகக் கேட்பது என்னவோ அங்கேதான்.

கிரிக்கெட்டைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கிய ஒருவர் என்னிடம் கேட்டார்: “பந்து ஸ்டம்பில் படுவதைத் திரையிலேயே காட்டுகிறார்கள். அப்புறம் நாட் அவுட் என்கிறார்களே, எப்படி?” பல வருடங்களாகப் பார்ப்பவர்களே தடுமாறும் கேள்வி இது. திரையில் ‘அம்பயர்ஸ் கால்’ என்று வந்துவிட்டால் விவகாரம் முடிந்தது என்று வர்ணனையாளர்களும் அடுத்த பந்துக்குப் போய்விடுகிறார்கள். தமிழில் எழுதும்போது வேறொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. இந்தக் ‘கால்’ அம்பயருடைய காலைக் குறிப்பதில்லை. மைதானத்தில் நிற்கும் அம்பயர் முதலில் சொன்ன முடிவு என்று பொருள். ஆனால் வம்பு தொடங்குவது பேட்ஸ்மேனுடைய காலில்.

எல்பிடபிள்யூ: நடக்காத ஒன்றைப் பற்றிய தீர்ப்பு

பந்து மட்டையில் படாமல் பேட்ஸ்மேனின் உடம்பில், பெரும்பாலும் பேடில், பட்டுவிடுகிறது. கால் குறுக்கே இல்லாதிருந்தால் அது ஸ்டம்பைத் தட்டியிருக்குமா? தட்டியிருக்கும் என்றால் அவுட். மட்டைக்குப் பதில் காலால் ஸ்டம்பைக் காப்பாற்றிக்கொள்பவர்களுக்காக வந்த விதி, 1774-லேயே எழுதிவிட்டார்கள்.

பவுலர் கையைத் தூக்கிக் கத்தும்போது அம்பயர் தன்னைத்தானே வரிசையாகச் சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். பந்து லெக் ஸ்டம்புக்கு (பேட்ஸ்மேனின் கால் பக்கத்து ஓர ஸ்டம்பு) வெளியே பிட்ச் ஆனதா, அதாவது தரையில் குத்தியதா? ஆனது என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஸ்டம்பை நட்டநடுவில் தகர்க்கப் போகிற பந்தாக இருந்தாலும் நாட் அவுட்தான். அடுத்து, மட்டையில் முதலில் பட்டதா? பட்டிருந்தால் அதுவும் நாட் அவுட். பேடில் பட்ட இடம் ஸ்டம்புகளுக்கு நேராக இருக்கிறதா? ஆஃப் ஸ்டம்புக்கு (எதிர்ப்பக்க ஓர ஸ்டம்பு) வெளியே பட்டிருந்தால், ஷாட் ஆட முயன்ற பேட்ஸ்மேன் தப்பித்தார். மட்டையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றவருக்கு அந்தச் சலுகை இல்லை. இவ்வளவையும் தாண்டிய பிறகுதான் கடைசிக் கேள்வி: பந்து மேலே போயிருந்தால் ஸ்டம்பில் பட்டிருக்குமா?

முதல் கேள்விகள் எல்லாம் நடந்ததைப் பற்றியவை. கடைசிக் கேள்வி, நடக்கவே நடக்காத ஒன்றைப் பற்றியது. போல்டு ஆனால் ஸ்டம்ப் விழுகிறது, கேட்ச் ஆனால் பந்து கையில் இருக்கிறது. எல்பிடபிள்யூவில் மட்டும் பந்தின் மீதிப் பாதையை யாராவது ஊகித்தாக வேண்டும். அம்பயர் ஊகித்தாலும் ஊகம்தான், கணினி ஊகித்தாலும் ஊகம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிது.

அம்பயருக்குக் கிடைக்கும் நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். பிட்ச்சின் நீளம் 22 கஜம், அதாவது சுமார் 20 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்ஸ்மேனை அடைய ஏறக்குறைய அரை விநாடி. அதற்குள் பிட்ச் ஆன இடம், பட்ட இடம், உயரம், திசை, மட்டையில் பட்ட சத்தம் இருந்ததா இல்லையா எல்லாம் கண்ணிலும் காதிலும் பதிய வேண்டும். முன்பெல்லாம் பவுலரின் முன்கால் கோட்டைத் தாண்டியதா என்று கீழே பார்த்துவிட்டுத் தலையை வேறு நிமிர்த்த வேண்டும். இப்போது சர்வதேச ஆட்டங்களில் அந்த நோ-பாலை, மைதானத்துக்கு வெளியே திரைமுன் உட்கார்ந்திருக்கும் தேர்ட் அம்பயர் பார்த்துக்கொள்கிறார். இருந்தாலும் இந்த வேலையை நாள் முழுக்கச் செய்து பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார்களே என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ரிவ்யூ எதற்காக வந்தது

2008 ஜனவரி. இந்திய அணி ஆஸ்திரேலியப் பயணத்தில் சிட்னி டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தது. ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் 30 ரன்னில் இருந்தபோது பந்து மட்டையை உரசி கீப்பரிடம் போனது, அவுட் கொடுக்கவில்லை. உரசியது என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். அந்த இன்னிங்ஸில் அவர் 162 நாட் அவுட். கடைசி நாளில் ராகுல் டிராவிடுக்கு, மட்டையில் படாமல் பேடில் பட்ட பந்துக்கு, கேட்ச் என்று விரல் தூக்கினார்கள். இந்தியா 122 ரன்னில் தோற்றது. ரசிகர்கள் கொதித்ததில் அடுத்த பெர்த் டெஸ்டில் நிற்க வேண்டிய அம்பயர் ஸ்டீவ் பக்னர் மாற்றப்பட்டார். பெர்த்தில் இந்தியா 72 ரன்னில் ஜெயித்தது தனிக் கதை.

இந்த மாதிரித் தவறுகளைத்தான், அதாவது திரையில் ஒரே ஒரு தடவை திரும்பக் காட்டினாலே பார்ப்பவர் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிற தவறுகளைத்தான், திருத்த டிஆர்எஸ், அதாவது அம்பயரின் முடிவைத் திரையில் மறுபடி பார்க்கும் ரிவ்யூ முறை, வந்தது. அதே 2008-ல் இந்தியாவின் இலங்கைப் பயணத்தில் முதல் சோதனை நடந்தது. வேடிக்கை என்னவென்றால், சிட்னியில் நொந்துபோய் வந்த இந்திய அணிக்கே இது கசந்துவிட்டது. மூன்று டெஸ்டில் இலங்கை பதினொரு முடிவுகளைத் தங்களுக்குச் சாதகமாக மாற்றிக்கொண்டது. இந்தியாவுக்கு மாறியது ஒன்றே ஒன்று. பந்தின் மீதிப் பாதையைக் கணினி வரைந்து காட்டுவதில் நம்பிக்கை இல்லை என்று இந்திய வாரியம் பல வருடம் முறுக்கிக்கொண்டு நின்றது. 2016-ல் இங்கிலாந்து இந்தியாவுக்கு வந்தபோதுதான் இருதரப்பு டெஸ்ட் தொடரில் டிஆர்எஸ்ஸுக்கு மீண்டும் தலையாட்டினார்கள்.

விதி சுருக்கமாக இதுதான். அம்பயரின் முடிவு பிடிக்கவில்லை என்றால் பவுலிங் அணியின் கேப்டனோ, அவுட் கொடுக்கப்பட்ட பேட்ஸ்மேனோ 15 விநாடிக்குள் கையால் ‘டி’ காட்டி ரிவ்யூ கேட்கலாம். டெஸ்டில் ஓர் இன்னிங்ஸுக்கு ஒவ்வோர் அணிக்கும் 3 தவறான ரிவ்யூ வரை இருக்கிறது. ஒருநாள் ஆட்டத்திலும் டி20-யிலும் 2. நீங்கள் கேட்டது சரி என்று ஆனால் ரிவ்யூ குறையாது. தவறு என்றால் ஒன்று போகும்.

இப்போது அளவுக்கு வருவோம்

பந்தின் பாதையை வரைவது ஹாக்-ஐ போன்ற அமைப்பு. 2001-ல் லார்ட்ஸில் இங்கிலாந்தும் பாகிஸ்தானும் ஆடிய டெஸ்டின் ஒளிபரப்பில் முதன்முதலில் காட்டினார்கள். மைதானத்தைச் சுற்றிப் பல கேமராக்கள் பந்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்களாகப் பிடிக்கும். அவற்றைச் சேர்த்து ஒவ்வொரு கணத்திலும் பந்து எங்கே இருந்தது என்று கணக்கிடுவார்கள். பேடில் படும் வரைக்கும் உள்ளது பார்த்த பாதை. அதற்கு அப்புறம் திரையில் நீள்வது நீட்டி வரைந்த பாதை. பிட்ச் ஆகி இரண்டு மீட்டர் பயணம் செய்த பிறகு பேடில் பட்ட பந்து என்றால் நீட்டுவதற்கு நிறையத் தகவல் இருக்கிறது. காலடியில் பிட்ச் ஆகி உடனே பேடில் இடித்த பந்து என்றால் தகவல் குறைவு, ஊகம் அதிகம்.

ஒரு காகிதத்தை எடுத்து மூன்று ஸ்டம்பு வரையுங்கள். மூன்றும் சேர்ந்து அகலம் 9 அங்குலம், அதாவது 22.86 சென்டிமீட்டர். உயரம் 28 அங்குலம், 71 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 7.2 சென்டிமீட்டர். பந்தின் நடுப்புள்ளி ஸ்டம்புகளின் வெளி ஓரத்துக்கு உள்ளே வந்தால், பாதிப் பந்துக்கு மேல் ஸ்டம்பில் படுகிறது என்று அர்த்தம். நடுப்புள்ளி வெளியே போய், ஆனால் பந்தின் ஓரம் மட்டும் ஸ்டம்பை உரசினால், பாதிக்கும் குறைவாகப் படுகிறது. இந்தப் பாதிக்கும் குறைவான பகுதிதான் அம்பயர்ஸ் கால். இரண்டு பக்கமும் தலா 3.6 சென்டிமீட்டர். இரண்டு விரல் அகலம். அவ்வளவு பெரிய சண்டை எல்லாம் நடப்பது இந்த இரண்டு விரல் அகலத்துக்குள்தான். மேலே, ஸ்டம்பின் உச்சியிலும் இதே கணக்கு.

சரி, இப்போது அந்தக் காகிதத்தில் ஒரு பந்தை வையுங்கள். பத்தில் நான்கு பங்கு லெக் ஸ்டம்பில் படுகிறது, மீதி வெளியே. அம்பயர் விரலைத் தூக்கி அவுட் சொல்லியிருந்தால், பேட்ஸ்மேன் ரிவ்யூ கேட்டாலும் அவுட்தான். அந்த முடிவை மாற்ற வேண்டுமானால் பந்து ஸ்டம்பில் துளிகூடப் படக்கூடாது. அதே பந்துக்கு அம்பயர் தலையை ஆட்டி நாட் அவுட் சொல்லியிருந்தால், பவுலிங் அணி ரிவ்யூ கேட்டாலும் நாட் அவுட்தான். மாற்ற வேண்டுமானால் பாதிப் பந்தாவது பட வேண்டும். பந்து அதே பந்து, படம் அதே படம். தீர்ப்பு மட்டும் வேறு. என்னிடம் கேட்டவர் குழம்பிய இடம் இதுதான். அவருக்குக் காட்டிய படத்தில் ஒரு தகவல் விட்டுப்போகிறது: அம்பயர் முதலில் என்ன சொன்னார் என்பது. அந்தத் தகவல் இல்லாமல் படத்தை மட்டும் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும்.

பட்ட இடத்துக்கும் இதே மாதிரி ஓர் அம்பயர்ஸ் கால் உண்டு. பேடில் படும்போது பந்தின் நடுப்புள்ளி ஸ்டம்புகளின் நேருக்கு வெளியே, ஓரம் மட்டும் உள்ளே என்றால், மைதானத்தில் சொன்னதே நிற்கும். பிட்ச் ஆன இடத்துக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. லைனில் பிட்ச் ஆனதா, வெளியே ஆனதா என்று ஒரே பதில்.

அப்படியானால் இது இயந்திரத்தின் சந்தேகமா?

பலர் சொல்லும் விளக்கம்: “கணினியின் கணக்கில் கொஞ்சம் பிழை இருக்கலாம், அதனால்தான் அம்பயர்ஸ் கால்.” பாதி உண்மை. நீட்டி வரைந்த பாதையில் பிழைக்கு இடம் இருக்கிறது என்பது சரி. ஆனால் பேடில் பட்ட இடம் கேமரா நேரில் பார்த்தது, அங்கே நீட்டி வரைதல் எதுவும் இல்லை. அதற்கும் அம்பயர்ஸ் கால் இருக்கிறதே, ஏன்?

என் புரிதலில் இன்னொரு பாதிதான் முக்கியமானது. டிஆர்எஸ் தீர்ப்பு சொல்ல வந்த அமைப்பு அல்ல, ஏற்கெனவே சொன்ன தீர்ப்பில் பச்சையான தவறு இருக்கிறதா என்று பார்க்க வந்தது. கீழ்க்கோர்ட் தீர்ப்பை மேல்முறையீட்டில் பார்ப்பது போல. மேல்கோர்ட் வழக்கை முதலிலிருந்து நடத்துவதில்லை. கீழே சொன்னதை மாற்றும் அளவுக்கு வலுவான காரணம் இருக்கிறதா என்று கேட்கிறது. இல்லை என்றால் பழைய தீர்ப்பே நிற்கும். ஓரத்தை உரசும் பந்துக்கு அவுட் என்றும் சொல்லலாம், நாட் அவுட் என்றும் சொல்லலாம். இரண்டில் எதைச் சொன்ன அம்பயரும் முட்டாள் இல்லை.

“ஸ்டம்பில் பட்டால் பட்டதுதான், அவுட் கொடுத்துவிட வேண்டியதுதானே” என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், தடையில்லை. ஆனால் என்ன ஆகும் என்று அதே காகிதத்தில் பாருங்கள். பந்தின் நடுப்புள்ளிக்கு இருந்த இலக்கு 22.86 சென்டிமீட்டரிலிருந்து 30 சென்டிமீட்டராக விரியும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமான ஸ்டம்பு. ஸ்பின் எடுக்கும் ஆடுகளத்தில் முன்காலைப் போட்டு ஆடும் பேட்ஸ்மேனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். டெஸ்ட் மூன்று நாளில் முடிந்தால் அதற்கும் இதே ரசிகர்கள்தான் சண்டை போடுவார்கள்.

அதற்காக இந்தக் கோடு கல்லில் செதுக்கியது என்று நினைக்க வேண்டாம். 2016 வரைக்கும் பாதிப் பந்து பட வேண்டிய எல்லை ஆஃப் ஸ்டம்பின் நடுவிலிருந்து லெக் ஸ்டம்பின் நடு வரைதான். அதை வெளி ஓரம் வரை விரித்தார்கள். 2021-ல் உயரத்தையும் பெயில்ஸின் (ஸ்டம்புகளின் மேல் வைக்கும் சின்னக் கட்டைகள்) அடியிலிருந்து ஸ்டம்பின் உச்சிக்கு ஏற்றினார்கள். இரண்டுமே பவுலர்களுக்குச் சாதகம். 2017-ல் இன்னொரு நல்ல காரியம் நடந்தது: முடிவு அம்பயர்ஸ் கால் என்று வந்தால் ரிவ்யூ கேட்ட அணியின் கணக்கில் அது குறையாது. அதற்கு முன்பு, பந்து ஸ்டம்பில் படுவதாகப் படம் காட்டும், விக்கெட்டும் கிடைக்காது, ரிவ்யூவும் போய்விடும். இரட்டை நஷ்டம்.

இன்னும் பழைய ஒரு கோடும் இருந்தது. 2011 உலகக் கோப்பையில் பெங்களூருவில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடிய ஆட்டம், இரண்டு அணியும் 338 எடுத்து டை ஆனது. அதில் யுவராஜ் சிங்கின் பந்து இயான் பெல்லின் பேடில் பட, அம்பயர் நாட் அவுட் என்றார். தோனி ரிவ்யூ கேட்டார். திரையில் பந்து நேராக ஸ்டம்பில் போய் முட்டியது. அரங்கமே கொண்டாடியது, பெல்லும் கிளம்பிவிட்டார். ஆனால் நாட் அவுட். காரணம், பேடில் பட்ட இடம் ஸ்டம்பிலிருந்து 2.5 மீட்டருக்கும் அதிக தூரம். அவ்வளவு தூரம் நீட்டி வரைந்ததை நம்பி நாட் அவுட்டை மாற்ற வேண்டாம் என்பது அப்போதைய விதி. மைதானத்தில் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியவில்லை. தோனி பின்னர் வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டார். என்னைக் கேட்டால், விதியை விட விளக்கம் இல்லாமல் விட்டதுதான் அன்றைய தவறு.

பயணம் போன அணிக்கு ஏன் அதிகம் வலிக்கிறது

அந்த இரண்டு விரல் அகலத்துக்குள் மைதானத்தில் நிற்பவர் சொன்னதுதான் சட்டம் என்றால், நிற்பவர் யார் என்பது முக்கியமாகிவிடுகிறது. முன்பு எந்த நாட்டில் ஆட்டமோ அந்த நாட்டு அம்பயர்கள்தான். பயணம் போன அணி எதுவானாலும் ‘அவர்கள் அம்பயர், அவர்கள் பக்கம்’ என்ற புலம்பலோடு திரும்புவது வழக்கம். 1986-ல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்டில் வெளிநாட்டு அம்பயர்கள் நின்றார்கள், வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்ற இரண்டு இந்தியர்கள். பாகிஸ்தானில் ஆடும் டெஸ்டுக்கு இந்திய அம்பயர்கள்! அதற்குப் பிறகு 1994-லிருந்து ஒவ்வொரு டெஸ்டிலும் ஒருவர், ஆடும் இரண்டு நாட்டையும் சேராத பொது நாட்டுக்காரர், 2002-லிருந்து இருவருமே பொது நாட்டுக்காரர் என்று ஆனது. அந்த 2002-ல் உருவான எலைட் பேனலில், அதாவது சர்வதேச ஆட்டங்களுக்கான முதன்மை அம்பயர் குழுவில், இருந்தவர்களில் ஒருவர், இந்திய அணிக்கே கேப்டனாக இருந்த எஸ். வெங்கட்ராகவன்.

2020-ல் கொரோனாவால் பயணம் முடங்க, மறுபடியும் உள்ளூர் அம்பயர்களை அனுமதித்தார்கள். அனுபவம் குறைந்தவர்கள் நிற்க நேரலாம் என்றுதான் ரிவ்யூவில் ஒன்றைக் கூட்டினார்கள். டெஸ்டில் இப்போது இருக்கும் 3 அப்படி வந்தது.

ஆனால் இந்தக் காலத்தில் நடந்த பெரிய சண்டையில் உள்ளூர் அம்பயர் பயணம் போன அணியின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னார். 2022 ஜனவரி, கேப்டவுன். தென்னாப்பிரிக்கா 212 ரன்னைத் துரத்துகிறது. அஸ்வினின் பந்து டீன் எல்கரின் முழங்காலுக்குக் கீழே பட்டது. தென்னாப்பிரிக்கரான மரைஸ் எராஸ்மஸ் விரலைத் தூக்கினார். எல்கர் ரிவ்யூ கேட்டார். திரையில் பந்து ஸ்டம்புக்கு மேலே பறந்து போயிற்று. எராஸ்மஸே நம்ப முடியாமல் தலையை ஆட்டினார். கோலி ஸ்டம்பில் இருந்த மைக்குக்குக் குனிந்து திட்ட, அஸ்வின் ஒளிபரப்பு நிறுவனத்தைக் குத்திக்காட்ட, அந்த ஒரு மணி நேரம் இந்திய அணி எதிரணியை விட்டுவிட்டுக் கேமராவோடு ஆடியது. தென்னாப்பிரிக்கா 7 விக்கெட்டில் வென்று தொடரை 2-1 என்று எடுத்துக்கொண்டது. கவனியுங்கள், இது அம்பயர்ஸ் கால் அல்ல. பந்து துளிகூடப் படவில்லை என்று கணினி சொன்னதால் அவுட் நாட் அவுட்டாக மாறியது. கேப் டவுனில் ஆடுகளத்தின் பவுன்ஸ் என்ன, பந்து பட்ட இடம் என்ன என்று இரண்டு பக்கமும் பேசலாம். விதி பிசகவில்லை.

கேட்ச் விவகாரத்தில் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரசிகர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். பந்து மட்டையை உரசியதா என்பதற்கு அம்பயர்ஸ் கால் என்ற பட்டை இல்லை. முடிவை மாற்றத் தெளிவான ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான். எது தெளிவு என்பது தேர்ட் அம்பயரின் கண். 2024 டிசம்பரில் மெல்பர்னில் யஷஸ்வி ஜெய்ஸ்வால் 84 ரன்னில் பேட் கம்மின்ஸின் பந்தை அடிக்கப் போனார். மைதானத்தில் நாட் அவுட். ஆஸ்திரேலியா ரிவ்யூ கேட்டது. சத்தத்தைக் காட்டும் ஸ்னிக்கோ கோடு ஆடாமல் அசையாமல் படுத்திருந்தது. ஆனால் பந்து கிளவுஸை ஒட்டிப் போகும்போது திசை மாறியது கண்ணுக்குத் தெரிகிறது என்று பங்களாதேஷைச் சேர்ந்த தேர்ட் அம்பயர் ஷர்புதௌலா அவுட் கொடுத்தார். திசை மாறியது உண்மைதான் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் கருவி ‘இல்லை’ என்று சொல்லக் கண் ‘ஆம்’ என்று சொன்னால் எதை எடுப்பது என்பதில் அன்று அரங்கத்தில் பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறுபக்கம். இந்தியா 184 ரன்னில் தோற்றது.

கேப்டன், கீப்பர், வீணான ரிவ்யூ

ரிவ்யூவை எப்போது கேட்பது என்பது இன்று ஒரு தனித் திறமை. பந்தின் பாதையைச் சரியான கோணத்தில் பார்ப்பவர் கீப்பர் ஒருவர்தான். பவுலருக்கு எல்லாமே அவுட்டாகத் தெரியும். பேட்ஸ்மேனுக்குப் பக்கத்தில் ஷார்ட் லெக்கில் நிற்பவருக்குச் சத்தம் கேட்கும், திசை தெரியாது. ரசிகர்கள் டிஆர்எஸ்ஸை ‘தோனி ரிவ்யூ சிஸ்டம்’ என்று கிண்டலாக அழைத்தது சும்மா இல்லை. அணித் தேர்வில் கீப்பரைப் பற்றிப் பேசும்போது எத்தனை ரன் எடுப்பார் என்று மட்டும் கேட்கிறார்கள். நல்ல கண் உள்ள கீப்பர் ஒரு தொடரில் நாலைந்து ரிவ்யூவைக் காப்பாற்றித் தருவார். அது எந்த ஸ்கோர் கார்டிலும் வராது.

விதியில் இன்னொரு சின்ன ஓட்டையும் இருக்கிறது. அம்பயர் அவுட் சொன்ன கணத்திலேயே பந்து செத்துவிடுகிறது. பின்னர் ரிவ்யூவில் அது நாட் அவுட் என்று மாறினாலும், அந்தப் பந்தில் ஓடிய ரன்னோ போன பவுண்டரியோ கணக்கில் சேராது. 2024 டி20 உலகக் கோப்பையில் நியூயார்க்கில் பங்களாதேஷ் 114 என்ற இலக்கைத் துரத்தியது. மகமதுல்லாவின் பேடில் பட்ட பந்து பவுண்டரிக்கு ஓடியது. அதற்குள் அம்பயர் எல்பிடபிள்யூ கொடுத்துவிட்டார். ரிவ்யூவில் நாட் அவுட். நான்கு ரன் கிடைக்கவில்லை. பங்களாதேஷ் தோற்றது 4 ரன்னில். அம்பயர்ஸ் காலைப் பற்றி இவ்வளவு கத்துகிறவர்கள் இதைப் பற்றி ஏன் அதிகம் பேசுவதில்லை என்று தெரியவில்லை. மாற்ற வேண்டிய விதி ஒன்று இருக்கிறது என்றால் என் கணக்கில் இதுதான் முதலாவது.

வீணடித்த ரிவ்யூவுக்கு ஹெடிங்லி 2019-ஐ விடப் பெரிய உதாரணம் கிடையாது. ஆஷஸ் தொடருக்காக இங்கிலாந்து வந்திருந்த ஆஸ்திரேலியாவுக்குத் தேவை ஒரே விக்கெட். கம்மின்ஸின் பந்து ஜாக் லீச்சின் பேடில் பட, அவசரத்தில் கடைசி ரிவ்யூவைக் கேட்டார்கள். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆகியிருந்தது. முதல் கேள்வியிலேயே விழுந்த ரிவ்யூ. அடுத்த ஓவரில் நாதன் லயனின் பந்து பென் ஸ்டோக்ஸின் பேடில் பட்டது. அம்பயர் ஜோயல் வில்சன் நாட் அவுட் என்றார். கேட்பதற்கு ரிவ்யூ இல்லை. திரையில் பார்த்தபோது பிட்ச் ஆன இடம், பட்ட இடம், ஸ்டம்ப் என்ற மூன்று பெட்டியிலும் சிவப்பு. அம்பயர்ஸ் கால்கூட இல்லை, சுத்தமான அவுட். ஸ்டோக்ஸ் 135 நாட் அவுட், இங்கிலாந்து ஒரு விக்கெட்டில் வெற்றி. அந்தப் படத்தை நம்ப முடியவில்லை, கணினிதான் தவறு என்பதுபோல ஸ்டோக்ஸ் பின்னர் சொன்னார்.

2024 பிப்ரவரியில் அதே ஸ்டோக்ஸ் இங்கிலாந்து கேப்டனாக இந்தியப் பயணத்தில் இருந்தார். ராஜ்கோட்டில் பும்ராவின் பந்தில் ஜாக் கிராலிக்கு எல்பிடபிள்யூ. ரிவ்யூவில் அம்பயர்ஸ் கால், எனவே அவுட். ஆனால் திரையில் காட்டிய படத்தில் பந்து ஸ்டம்பை உரசாமல் விலகிப் போவதுபோல் இருந்தது. ஸ்டோக்ஸும் பயிற்சியாளர் மெக்கல்லமும் ஆட்ட நடுவரிடம் (மேட்ச் ரெஃப்ரி) போய்க் கேட்டார்கள். கணக்கு சரி, காட்டிய படம்தான் தவறு என்று பதில் வந்ததாக அவர் சொன்னார். அம்பயர்ஸ் காலையே எடுத்துவிடுங்கள், பந்து ஸ்டம்பில் பட்டால் அவுட், படாவிட்டால் இல்லை என்றும் கேட்டார். அதாவது இனி கணினி சொல்வது மட்டும் போதும் என்று.